பட்டாவில் அப்பா, வயலில் அம்மா

கேள்வி: ஐயா, பெங்களூரு பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் மேட்டு நிலம் இருக்கிறது. அம்மாதான் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறார். அப்பா 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணையாகத் தரும் பி.எம். கிசான் பணம் அவர் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. இறந்த பிறகும் இரண்டு தவணை வந்தது, அம்மா ஏடிஎம் அட்டை போட்டு எடுத்துவிட்டார். அதன் பிறகு நின்றுபோனது. அம்மா பெயரில் விண்ணப்பித்தோம், தள்ளுபடி ஆகிவிட்டது. இ-சேவை மையத்தில் கேட்டால் வேளாண்மை ஆபீசுக்குப் போகச் சொல்கிறார்கள், அங்கே போனால் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும் போகிறது. 1,500 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். வண்டிக் கடனுக்காக நான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தேன், அதனால் நின்றிருக்குமா? எங்கள் பட்டறையில் வேலை செய்யும் மண்டியாக்காரர் தன் அப்பாவுக்கு ஆண்டுக்கு 10,000 வந்தது என்கிறார், எங்களுக்கு ஏன் 6,000? குத்தகைக்கு உழுகிற என் சித்தப்பாவுக்கு அதுவும் இல்லை. தங்கை திருமணமாகி ஓசூரில் இருக்கிறாள். அம்மாவோ, 'விட்டுவிடு, பிச்சை கேட்பது போல இருக்கிறது' என்கிறார். விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, விட்டுவிடாதீர்கள். ஆனால் இதுவரை ஓடிய திசையில் இனி ஓடவும் வேண்டாம். தவணைக்கு வரும் 2,000 ரூபாயின் பின்னால் ஓடியதால்தான் ஒருவர் மாற்றி ஒருவர் உங்களை அலைக்கழித்திருக்கிறார்கள். நீங்கள் துரத்த வேண்டியது பட்டாவை. அது அம்மாவின் பெயருக்கு வந்துவிட்டால் இந்தப் பணம் அதன் பின்னால் வரும். வரத் தாமதமானாலும் பட்டா கையில் இருக்கும், அதன் மதிப்பு ஆண்டுக்கு 6,000 ரூபாயைவிட மிகப் பெரியது.

உங்கள் அம்மாவின் விண்ணப்பம் தள்ளுபடியானதற்குக் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இந்தத் திட்டம் உழுகிறவரைப் பார்த்துப் பணம் தருவதில்லை, நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துத்தான் தருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அந்த நிலத்தில் விதைப்பதும் களையெடுப்பதும் அறுப்பதும் உங்கள் அம்மா. அரசின் கணக்கில் அவர் விவசாயியே இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு விதியை மாற்ற முடியாது, பட்டாவை மாற்ற முடியும்.

அதற்கு முன் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். இது பிச்சை என்று அவர் நினைப்பதற்கு, அலுவலகங்களில் அவரை நடத்திய விதம்தான் காரணமாக இருக்கும். 2019 பிப்ரவரியில் இந்தத் திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு 6,000 என்றார்கள், இன்றும் அதே 6,000தான். அதே காலத்தில் கேழ்வரகுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை என்ன ஆனது என்று பாருங்கள். 2018-19இல் குவிண்டாலுக்கு 2,897 ரூபாய், 2025-26இல் 4,886 ரூபாய். சாகுபடிச் செலவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் இந்த விலையை வைப்பதாக அரசே சொல்கிறது. அப்படியானால் கேழ்வரகு விளைவிக்கும் செலவு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடியிருப்பதை அரசின் கணக்கே ஒப்புக்கொள்கிறது. அதே விகிதத்தில் உயர்த்தியிருந்தால் இந்தத் தொகை இன்று 10,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். நாடாளுமன்றத்தின் வேளாண்மை நிலைக்குழுவும் இதை 12,000 ஆக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் பரிந்துரைத்தது. உங்கள் அம்மா கேட்பது, செலவோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துவரும் ஒரு தொகையை. அதைக் கேட்க அவர் கூசத் தேவையில்லை.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதலில் வாரிசுச் சான்றிதழ். அப்பாவின் இறப்புச் சான்றிதழை வைத்து இ-சேவை மையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், வட்டாட்சியர் வழங்குவார். உயில் இல்லாமல் அப்பா இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பங்கில் அம்மா, நீங்கள், தங்கை ஆகிய மூவருக்கும் சமபங்கு உண்டு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் அதே பங்கு. இந்தப் பாட்டி பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், பிறகு விண்ணப்பம் பாதியில் திரும்பி வருகிறது.

சான்றிதழ் கைக்கு வந்ததும், வாரிசு அடிப்படையில் பட்டா மாற்றம் கேட்டு மனுக் கொடுங்கள். இந்த இடத்தில் என் ஆலோசனை ஊரில் சொல்வதற்கு மாறாக இருக்கும். 'நீங்களும் தங்கையும் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரே பெயரில் பட்டா வந்துவிடும்' என்று சொல்வார்கள். அதை இப்போது செய்யாதீர்கள். பி.எம். கிசானில் 2019 பிப்ரவரி 1ஆம் தேதி நிலவரப்படி யார் பெயரில் நிலம் இருந்ததோ அவர்தான் தகுதியுள்ளவர். அந்தத் தேதிக்குப் பிறகு கைமாறிய நிலத்துக்குப் பணம் கிடையாது, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தது மட்டும் விதிவிலக்கு. உங்கள் அம்மா அந்த விதிவிலக்கில் கச்சிதமாகப் பொருந்துகிறார். விடுதலைப் பத்திரம் எழுதினால், வாரிசாக வந்ததா பத்திரத்தால் வந்ததா என்று ஓர் அதிகாரி கேள்வி எழுப்ப நாமே வழி செய்துகொடுத்தது போலாகும். எனவே முதலில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா வரட்டும். அதை வைத்து அம்மா விண்ணப்பித்துப் பணம் வரத் தொடங்கட்டும். பாகப்பிரிவினையோ விடுதலையோ எதுவானாலும் அதற்குப் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

நிலத்தைத் துண்டாகப் பிரிக்காத, அதாவது உட்பிரிவு இல்லாத பட்டா மாற்றம் என்பதால் நில அளவர் வந்து அளக்க வேண்டிய தேவை இல்லை, வேலை அந்த அளவுக்குச் சுலபம். இழுத்தடித்தால் ஜமாபந்தியை விட்டுவிடாதீர்கள். ஜூன் 30உடன் வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு முடிகிறது, அதையொட்டி மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் வருவாய்க் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எல்லோரும் பதிவேடுகளோடு ஒரே இடத்தில் இருக்கும் நாள் அது. 'அவரைப் போய்ப் பாருங்கள்' என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் வழியில்லை. அதைத் தவறவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். எங்கே கொடுத்தாலும் மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஒரு நாள் சம்பளத்தைத் தொலைத்து இவ்வளவும் செய்ய வேண்டுமா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. 2,000 ரூபாய்க்கு என்றால் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பட்டா இல்லாமல் அம்மாவுக்கு வேறு என்னவெல்லாம் கிடைக்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிக் கெடுவுக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. அம்மா இப்போது விதைக்கும் உரத்துக்கும் யாரிடம், என்ன வட்டிக்கு வாங்குகிறார்? தர்மபுரி மாவட்டத்தில் அரசு கொள்முதல் நிலையங்கள் கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்குகின்றன, அங்கே நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் கேட்பார்கள். அது இல்லாதவர் வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். பயிர்க் காப்பீட்டுக்கும் இதே கதை. ஒரே பருவத்தில் வட்டியிலும் விலையிலும் இழப்பதைக் கூட்டினால் நீங்கள் இழக்கும் நாள் சம்பளம் பெரிதாகத் தெரியாது.

அடுத்து, அப்பா இறந்த பிறகு எடுத்த இரண்டு தவணை. பயந்துகொண்டு மறைக்கவும் வேண்டாம், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். துக்கத்தில் இருந்த ஒரு பெண், வழக்கமாக வரும் பணத்தை எடுத்திருக்கிறார். அதற்காக அவரைக் குற்றவாளி போல உணர வைக்காதீர்கள். ஆனால் சட்டப்படி அது திரும்பச் செலுத்த வேண்டிய பணம். 4,000 ரூபாயை நீங்களாகவே கட்டிவிடுங்கள். பி.எம். கிசான் இணையதளத்திலேயே பணத்தைத் திருப்பிச் செலுத்த வசதி இருக்கிறது, அப்பாவின் பதிவு எண் அல்லது ஆதார் எண் போதும். ரசீதை அச்சிட்டு, இறப்புச் சான்றிதழ் நகலோடு வட்டார உதவி வேளாண்மை இயக்குநர் அலுவலகத்தில் ஒரு கடிதமாகக் கொடுத்து, அப்பாவின் பதிவை முடித்துவைக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவு திறந்தே கிடந்தால், ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் கேட்பதாகத்தான் கணினி பார்க்கும். அம்மாவின் புதிய விண்ணப்பத்தில் பழைய உரிமையாளரின் விவரங்களையும் கேட்கக்கூடும் என்பதால் அப்பாவின் ஆதார் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் அதிகாரிகள் கூடுதல் தயக்கம் காட்டுவதற்கு ஒரு பின்னணி உண்டு. 2020இல் இந்தத் திட்டத்தில் பெரிய மோசடி வெளிவந்தது. துறையின் கடவுச்சொற்களைத் தவறாகப் பயன்படுத்தி, விவசாயிகளே அல்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 110 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு என்று அப்போது அரசே அறிவித்தது, சிபிசிஐடி விசாரித்தது, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில் மக்களின் கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டவர்களில் பலர், 'கொரோனா பணம் வருகிறது, ஆதாரைக் கொடுங்கள்' என்று சொன்ன தரகரை நம்பிய ஏழைகள். உங்கள் ஊரில் 1,500 கேட்கிறவரிடம் அம்மாவின் ஆதாரையும் கைரேகையையும் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டா இல்லாமல் அவரால் நேர்வழியில் எதையும் முடித்துத் தர முடியாது. குறுக்குவழியில் முடித்தால் நாளை பதில் சொல்ல வேண்டியவர் அம்மா.

வருமான வரி பற்றிய உங்கள் பயம் தேவையற்றது. ஆடிட்டர் என்ற முறையில் பெங்களூரில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரிடமிருந்து இதே கேள்வி எனக்கு வருகிறது. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிறையாத பிள்ளைகள். வயதுவந்த மகனின் வருமானம் தாயின் தகுதியைத் தொடாது. நீங்கள் வரியே கட்டியிருந்தாலும் அம்மாவுக்குத் தடை இல்லை. மேலும், கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வரி செலுத்தியவர்களைத்தான் விதி விலக்குகிறது. வண்டிக் கடனுக்காகக் கணக்குத் தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரி பூஜ்யம் என்று காட்டியவர் வரி செலுத்தியவர் ஆகமாட்டார். இந்தப் பயத்தில் சிலர் கணக்குத் தாக்கல் செய்வதையே நிறுத்திவிடுகிறார்கள், பிறகு வீட்டுக் கடனுக்கு அலைகிறார்கள். அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

பட்டா கிடைத்த பிறகும் பணம் நிற்கக்கூடிய இடங்கள் சில உண்டு. பெங்களூரில் இருக்கும் பிள்ளைகளால்தான் அதில் ஒன்று நடக்கிறது என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

அம்மாவின் ஆதாரில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது? பெரும்பாலும் உங்கள் எண்ணாகத்தான் இருக்கும். அம்மா பாலக்கோட்டில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பார், ஓடிபி பீன்யாவில் உங்கள் சட்டைப்பைக்கு வரும், நீங்கள் லேத்தில் நிற்பீர்கள், சத்தத்தில் கேட்காது. நீங்கள் எடுத்துப் பார்ப்பதற்குள் நேரம் கடந்துவிடும், 'நாளைக்கு வாங்க' என்று அம்மாவை அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் கையில் உள்ள எண்ணையே ஆதாரில் சேர்த்துவிடுங்கள். அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே இதைச் செய்துதருகிறார்.

கைரேகை இன்னொரு தொல்லை. என் அலுவலகத்துக்குத் தன் மகனோடு ஓர் அம்மா வந்திருந்தார், கிருஷ்ணகிரி பக்கத்தவர். சீசனில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கிற வேலை, மற்ற நாட்களில் களையெடுப்பு. ஒவ்வொரு விரலாகக் கருவியில் வைத்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்குதான். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், விரலை ஈரமாக்கிப் பார்த்தார், கடைசியில் தன் கட்டைவிரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேகையே இல்லை, வழவழவென்று தேய்ந்திருந்தது. உழைத்து உழைத்து ரேகை அழிந்த கையைப் பார்த்து, நீ உழவர்தானா என்று நிரூபிக்கச் சொல்கிறது இந்த ஏற்பாடு. 2023 முதல் பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே சரிபார்க்கும் வசதி வந்துவிட்டது. வேளாண்மைத் துறைக் களப்பணியாளரிடம் கேட்டால் செய்துகொடுப்பார். ரேகை விழவில்லை என்று அம்மாவைத் திருப்பி அனுப்பினால், முக அடையாளத்தில் செய்துதரும்படி உறுதியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கிலும் ஒரு குழப்பம் வரும். நீங்கள் கொடுக்கும் பாஸ்புக்கில்தான் பணம் விழும் என்று நினைக்காதீர்கள். ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ, அதற்குத்தான் போகும். 'பணம் அனுப்பியாயிற்று' என்று இணையதளம் சொல்லும், பாஸ்புக்கில் இருக்காது. அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகையோ நூறு நாள் வேலைச் சம்பளமோ எந்த வங்கிக்கு வந்தது என்று கேட்டு, முதலில் அந்தக் கணக்கைப் பாருங்கள்.

2025 முதல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் புதிதாகப் பதிகிறவர்களுக்கு விவசாயிகளின் தனித்துவ அடையாள எண்ணும் கட்டாயம். அதுவும் நிலப் பதிவேட்டை வைத்துத்தான் தரப்படுகிறது என்பதால் பட்டா மாற்றத்துக்கு முன் அதற்காக அலைய வேண்டாம்.

மண்டியா நண்பர் சொன்னது உண்மை. கர்நாடகத்தில் 2019 முதல் மாநில அரசு தன் பங்காக ஆண்டுக்கு 4,000 சேர்த்துக் கொடுத்தது, 2023 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். மகாராஷ்டிரம் 2023இல் தன் பங்காக 6,000 சேர்த்தது. தெலங்கானா 2018இலேயே ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கியது, அதனால் அதிக நிலம் வைத்திருப்பவருக்கு அதிகம் போனது. தமிழ்நாட்டில் இப்படி ரொக்கமாகச் சேர்ப்பதில்லை, பம்புசெட்டுக்கு இலவச மின்சாரமும் நான் சொன்ன வட்டியில்லாப் பயிர்க்கடனும்தான் இங்கே அரசின் வழி. மேட்டு நிலத்தில் மழையை நம்பிக் கேழ்வரகு போடுகிறவருக்கு இலவச மின்சாரத்தால் பயனில்லை என்று நீங்கள் ஆதங்கப்பட்டால் அது எனக்குப் புரிகிறது.

சித்தப்பாவுக்கு நல்ல பதில் என்னிடம் இல்லை, தம்பி. நிலம் சொந்தமாக இல்லாதவருக்கு மத்தியத் திட்டத்தில் ஒரு ரூபாயும் கிடையாது. ஒடிசா தன் காலியா திட்டத்தில் குத்தகைதாரரையும் நிலமற்றவரையும் சேர்த்துக் காட்டியது, எனவே செய்ய முடியாத காரியம் இல்லை. நாடாளுமன்றக் குழுவும் குத்தகைதாரர்களுக்குத் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் குத்தகையைப் பதிவு செய்ய 1969 முதல் தனிச் சட்டமே இருக்கிறது, ஆனால் பதிவு செய்தால் நிலத்தைத் திருப்பி வாங்க முடியாதோ என்று உரிமையாளர்கள் அஞ்சுவதால் வாய்வழிக் குத்தகையே நீடிக்கிறது. சித்தப்பா அதைக் கேட்டு, இருக்கிற குத்தகையையும் இழக்க வேண்டாம். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று அவர் பெயரைப் பதிய உரிமையாளர் சம்மதிப்பாரா என்று மட்டும் பேசிப் பார்க்கட்டும்.

2025 பிப்ரவரியில் 19ஆவது தவணை விட்டபோது 9.8 கோடிப் பேருக்குப் பணம் போனதாக மத்திய அரசு அறிவித்தது. நவம்பரில் கோயம்புத்தூரில் 21ஆவது தவணை விட்டபோது 9 கோடி. விடுபட்டவர்களில் தகுதியில்லாதவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பட்டா மாறாத விதவைகளும் ரேகை தேய்ந்த முதியவர்களும் அதில் எத்தனை பேர் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அம்மாவின் விண்ணப்பம் மறுபடி நின்றால் 155261 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், எந்த நிலையில், எந்த அலுவலரிடம், என்ன காரணத்துக்காக நிற்கிறது என்று கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். வாய்மொழியாக உங்களை அலையவிட்டவர்கள் எழுத்தில் பதில் சொல்லும்போது கவனமாகிவிடுவார்கள்.

அடுத்த முறை ஓசூர், ராயக்கோட்டை வழியாகத்தானே ஊருக்குப் போவீர்கள், ஓசூரில் இறங்கித் தங்கையை முதலில் பாருங்கள். கூட்டுப் பட்டாவில் அவர் பெயர் ஏறுவதால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, அம்மாவின் பணத்துக்கும் தடையில்லை என்று விளக்கிச் சொல்லி, அவருடைய ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டு பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறுங்கள். 'பெண்ணுக்குத் திருமணமாகிவிட்டது, பெயரை விட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அவர் பெயரை மறைத்து வாங்கும் வாரிசுச் சான்றிதழ் பின்னாளில் ரத்தாகும், அதை நம்பி மாற்றிய பட்டாவும் அதோடு சிக்கலில் மாட்டும்.